துப்பாமல் ஒரு வாய்

காபிக்கொட்டை வறுக்கும் கம்பெனியில் அவளுக்கு நாக்குக்காரம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மூட்டை இறக்குகிறவரிலிருந்து முதலாளி வரைக்கும் காலையில் உள்ளே நுழைந்ததும் கேட்பது, "நாக்குக்காரம்மா வந்தாச்சா?" என்பதைத்தான். அவள் வந்து, வாயில் ஒரு மடக்கு வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டாமல் எந்த மூட்டையும் வாசலைத் தாண்டாது.

பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கையான வேலை. நீளமாக ஒரு மேசை. அதன்மேல் வரிசையாகக் கிண்ணங்கள். கிண்ணத்துக்கு ஒரு வறுவலின் தூள், அதன் தலையில் கொதிநீர். சூடு கொஞ்சம் தணிந்ததும் கரண்டியால் மொண்டு உதட்டருகே கொண்டுபோய் சர்ரென்று ஓர் உறிஞ்சல். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அப்படி உறிஞ்சினால்தான் காபி பொடித்துளியாகச் சிதறி வாய் முழுக்கப் படும், வாசனை தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கைத் தொடும். கண்ணை மூடி ஒரு கணம் நிற்பாள். பிறகு இடது கையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வாள். துப்புவதிலும் ஒரு நேர்த்தி. நூல் பிடித்த மாதிரி டம்ளருக்குள் போகும், ஒரு சொட்டு வெளியே தெறிக்காது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் இரண்டு மூன்று சொல் சொல்வாள். "எலுமிச்சைத் தோல். கொஞ்சம் பச்சை." "நனைஞ்ச மரம். தள்ளு." அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

விழுங்கவே மாட்டாள். விழுங்கினால் நாலைந்து கிண்ணத்திலேயே நாக்கு மரத்துவிடும், மத்தியானத்துக்குள் கை வெடவெடக்கும். அது தொழிலுக்குச் சொல்கிற காரணம். அவளுக்கென்று இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. விழுங்குகிறவன் தன் தொண்டைக்கு நல்லதைத்தான் நினைப்பான், துப்புகிறவன்தான் பண்டத்தைப் பற்றி யோசிப்பான். "முழுங்கறவங்களுக்கு என்னத்தத் தெரியும்?" என்பாள், ஏதோ ஒரு கூட்டத்தையே ஒதுக்கி வைக்கிற மாதிரி.

கல்யாணத்துக்கு முன்பே இந்தக் கம்பெனிக்கு வந்தவள். முதலில் கல்லும் கருங்கொட்டையும் பொறுக்கும் வேலை. ஒருநாள் இடைவேளையில் எல்லோருக்கும் ஊற்றிய காபியை வாயில் வைத்துவிட்டு, "இது மழையில நனைஞ்ச சாக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அந்த நேரம் பார்த்து முதலாளி பின்னால் நின்றுகொண்டிருந்தார். கிடங்கில் போய்ப் பார்த்தார்கள், கூரை ஒழுகி ஒரு மூலைச் சாக்குகள் ஈரமாகியிருந்தன. மறுநாள் அவளை மேசைக்கு மாற்றினார்கள். அன்றைக்குப் பிடித்த டம்ளரை அவள் கீழே வைக்கவில்லை.

அந்த நாக்குக்காக வீடே வளைந்து கொடுத்தது. வேலைநாள் காலையில் பச்சை வெங்காயம் கிடையாது. வாசனை சோப்பு கிடையாது. பல் விளக்க வெறும் உப்பு. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் கணவருக்குத் தலைக்கு வாசனை எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆசை, அதை பஸ்ஸிலேயே டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். யாராவது கல்யாண வாழ்க்கை எப்படி என்று கேட்டால், "நான் கட்டிக்கிட்டது ஒரு நாக்கைங்க. பொம்பள அதோட ஒட்டிக்கிட்டு வந்தா" என்பார். வீட்டுக்கு வந்த உறவுக்காரி ஒருத்தி, காபிக் கம்பெனிக்காரி வீட்டில் காபி கமகமவென்று வரும் என்று ஆசையாக உட்கார்ந்திருந்து, ஒரு டம்ளர் வெந்நீரைக் குடித்துவிட்டுப் போனாள். அந்தக் கோபம் அந்த உறவுக்காரிக்கு இன்னும் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாக்குக்கு விடுமுறை. அன்றைக்கு அடுக்களை கணவருடையது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிஸ்கெட்டைக் காபியில் தோய்த்து ஓர் அடுக்கு, அடித்த க்ரீமை அதன்மேல் ஓர் அடுக்கு, மறுபடி பிஸ்கெட், மறுபடி க்ரீம், கடைசியில் மேலே கோகோத் தூள். பக்கவாட்டில் பார்த்தால் கோடு போட்ட மாதிரி இருக்கும். மகள் பேச ஆரம்பித்த வயதில் அதற்குக் கறுப்புவெள்ளை என்று பெயர் வைத்தாள். அதுவே நிலைத்துவிட்டது. நாக்குக்காரம்மா மேலாக ஒரே ஒரு கரண்டி எடுப்பாள். "காபி ஒரு பிடி கம்மி" என்றோ "இன்னிக்கு க்ரீம் ரொம்ப அடிச்சுட்டீங்க" என்றோ சொல்லிவிட்டுக் கரண்டியை வைத்துவிடுவாள். பார்த்தாயிற்று, தீர்ப்பும் சொல்லியாயிற்று, அதற்குமேல் சாப்பிட என்ன இருக்கிறது? மிச்சத்தை அப்பாவும் மகளும் சேர்ந்து காலி செய்வார்கள்.

மகளுக்கும் அதே நாக்கு. சின்ன வயதிலேயே பால் எந்தக் கடையில் வாங்கியது என்று ஒரு வாயில் சொல்லிவிடுவாள். படிப்பு முடிந்ததும் அம்மாவுக்குப் பக்கத்திலேயே மேசையில் நின்றாள். இரண்டு பேரும் உறிஞ்சும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது மூட்டை இறக்குகிறவர்கள், "ரெட்டை பம்பு ஓடுதுடா" என்பார்கள். நாக்குக்காரம்மாவுக்கு அது உள்ளூரப் பெருமை. இந்த மேசை இவளுக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டாள். மகளிடம் மட்டும் கேட்கவில்லை.

அப்புறம்தான் அந்தத் தாடிக்காரர் வந்தார். ஊருக்கு வெளியே பழைய டயர்க் கிடங்கு ஒன்றை எடுத்து, சின்ன அளவில் பீர் காய்ச்சுகிறவர். பீரில் போடக் காபிக்கொட்டை வேண்டும் என்று கேட்டு வந்தார். மாதிரிக் கொட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று மகளை அனுப்பினார்கள். கொண்டுபோனவள் சாயங்காலம்தான் திரும்பினாள். அடுத்த மாதமே அங்கே வேலைக்குப் போகிறேன் என்றாள். தொட்டி கழுவுகிற வேலைதான், ஆனால் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றாள்.

நாக்குக்காரம்மா கத்தவில்லை. மேசையைச் சுற்றி ஆள் நிற்கும்போது, குரலை உயர்த்தாமல், "போகட்டும். துப்பத் தெரியாதவங்க கூட்டத்துக்குப் போறா. கொஞ்ச நாள்ல நாக்கு செருப்பாயிடும்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்தை உறிஞ்சினாள், துப்பினாள். அவள் துப்பியது காபியைத்தான். ஆனால் அந்தப் பேச்சின் கடைசியில் வந்து விழுந்தது அந்தச் சத்தம். மகள் தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

கிடங்குக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினாள். அப்பாவோடு போனில் பேசுவாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் வருவாள், மருந்து வாங்கி வைப்பாள், "சாப்டியா" என்பாள், போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை. கணவர் கறுப்புவெள்ளை செய்வதையும் மெல்ல நிறுத்திவிட்டார். ஒரு ஆளுக்காக யார் க்ரீம் அடிப்பது என்றார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் தானாகவே ஒரு சேதி சொல்லி அனுப்பினாள். தொட்டி கழுவியவள் இப்போது காய்ச்சவும் செய்கிறாள். முதல்முறையாக முழுக்க அவளே யோசித்து ஒரு பீர் போட்டிருக்கிறாள். வெளியே விடுவதற்கு முன்னால் அம்மா ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். கணவர் இதைச் சொல்லிவிட்டு, அடுத்ததைச் சொல்வதா வேண்டாமா என்று கொஞ்சநேரம் சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு சொல்லியே விட்டார்.

"பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லட்டும், ஏத்துக்கறேங்கறா. ஆனா அன்னிக்கு மாதிரி நாலு பேர் முன்னால ஏதாவது செஞ்சான்னா, இனிமே அந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேங்கறா. வெளையாட்டுக்குச் சொல்லலடி. எனக்கு அவ குரல் தெரியும்."

பீரை நாக்குக்காரம்மா நாக்கில் வைத்ததே இல்லை. கொள்கை என்று ஒன்றும் கிடையாது, நாக்கு கெட்டுவிடுமோ என்ற பயம்தான். அந்த நாள் காலையில் மேசைக்குப் போகிற மாதிரியே தயாரானாள். உப்பில்லாத ரொட்டி ஒரு துண்டு, வெந்நீரில் நாலு முறை கொப்பளிப்பு.

"பரீட்சைக்குப் போறவ மாதிரி கிளம்பறியே" என்றார் கணவர்.

"பரீட்சை எனக்கா? அவளுக்குத்தானே?"

"உனக்குத்தான்" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். கணவர் வழக்கம்போல டிரைவரின் கியர் மாற்றத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அவள் உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லதாக ஒரு சொல், பிறகு குறையாக ஒரு சொல், மறுபடி நல்லதாக ஒன்று. முகத்தைச் சுளிக்கக் கூடாது. எப்படி இருந்தாலும் சுளிக்கக் கூடாது.

கிடங்கின் இரும்புக் கதவைத் தாண்டியதும் மூக்குதான் முதலில் வேலையைத் தொடங்கியது. வேகும் தானியம். அதன் பின்னால் சூடான ரொட்டியின் ஓரம். அடியில், பழம் கனிந்து சற்றே எல்லை தாண்டும் வாசனை. சிமென்ட் தரை முழுக்க ஈரம், நடுவில் கம்பி மூடிய சாக்கடை வாய்க்கால். சுவரோரம் ஆளுயரத்துக்குமேல் எவர்சில்வர் தொட்டிகள். அவற்றின் நடுவிலிருந்து முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, தலையில் துணி கட்டிய ஒருத்தி வந்தாள். அது தன் மகள் என்று தெரிய நாக்குக்காரம்மாவுக்கு ஒரு நொடி பிடித்தது. கை இரண்டும் கழுவுகிற சோடாவில் வெடித்துக் கிடந்தன.

"வா" என்றாள் மகள். அப்பாவின் தோளை மட்டும் ஒருமுறை தொட்டாள்.

தாடிக்காரர்தான் நிறையப் பேசினார். நாக்குக்காரம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார் போல. நாற்காலியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், வெயில் அதிகம் என்றார், வெயில் பரவாயில்லை என்றார். கூட வேலை செய்கிற இரண்டு பேர் வேலையே இல்லாத மாதிரி அந்தப் பக்கமாக வந்து நின்றார்கள். ஒரு பலகை மேடை, அதில் குழாய். குழாய்க்கு மேலே சாக்பீஸில் மகளின் கையெழுத்து: கறுப்புவெள்ளை.

அதைப் படித்தாள். மறுபடியும் ஒருமுறை படித்தாள்.

மகள் வயிறு பருத்த சின்னக் கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினாள். உள்ளே விளக்கு வெளிச்சம் புகாத கறுப்பு. மேலே இரண்டு விரல் தடிமனுக்கு நுரை, அடித்த க்ரீமைக் கரண்டியால் வழித்து வைத்தது போல அசையாமல் நின்றது. மூக்கருகே கொண்டுபோனதும் நாக்குக்காரம்மா நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அது அவளே தேறவைத்த வறுவல். கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் விலையில் வீட்டுக்கென்று மாதாமாதம் வாங்கி, அவர் இங்கேதான் கொண்டுவந்திருக்கிறார். வெந்நீர் குடிக்கிற வீட்டில் காபிக்கொட்டை எங்கே போகிறது என்று அவள் யோசித்ததே இல்லை. அவர் கூரையில் ஏதோ ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் படபடப்பு. பதற்றம் வந்தால் மனிதருக்குத் தெரிந்த வேலைதான் கை கொடுக்கும். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. கோப்பையை உதட்டில் வைத்துக் கண்ணை மூடினாள். சர்ரென்று உறிஞ்சினாள்.

ஆறிய காபியை உறிஞ்சலாம். நுரை கட்டிய பீரை அப்படி உறிஞ்சினால் என்ன ஆகும் என்று அந்த மேசையில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. வாய்க்குள் எல்லாம் ஒரே நேரத்தில் பொங்கியது. கன்னம் உப்பியது, மூக்கில் ஏறியது, கண்ணில் நீர் முட்டியது. அதற்குள் இடது கை, இத்தனை வருஷப் பழக்கத்தில், பக்கத்தில் இருந்த காலி டம்ளரை எடுத்துவிட்டது. துப்பிவிட்டாள். நேர்த்தியாக, ஒரு சொட்டு வெளியே தெறிக்காமல்.

குழாயிலிருந்து ஒரு சொட்டு தட்டில் விழுந்தது. மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. அந்த டம்ளரைப் பார்த்தாள். அதில் நுரை மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

"சரி" என்றாள். தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

பழக்கமில்லாதவர்களுக்கு முதல் வாய் அப்படித்தான் இருக்கும், தானும் முதல்முறை துப்பியவன்தான் என்று தாடிக்காரர் பொய் சொன்னார். நின்றிருந்த இருவரும் திடீரென்று வேலை ஞாபகம் வந்தவர்களாக நகர்ந்தார்கள். கணவர் அருகே வந்து, "என்னடி பண்ணிட்ட" என்றார். அதில் கோபமே இல்லை. அதுதான் அவளை அதிகமாகக் குத்தியது.

"நான் பண்ணலங்க. கை தானாப் போயிருச்சு."

"அத எங்கிட்ட ஏன் சொல்ற?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். போய் விளக்கம் சொல்லலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் சொல்லைவிட நாக்கைத்தான் நம்புவார்கள். மேசையிலும் ஒரு முறை உண்டு, உறிஞ்சல் தப்பிப்போனால் அந்தக் கிண்ணத்துக்குத் தீர்ப்பு கிடையாது, மறுபடி எடுக்க வேண்டும். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். கோப்பையை எடுத்துக்கொண்டு, ஈரத்தில் வழுக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு, தொட்டிகளுக்குப் பின்னால் நடந்தாள்.

மகள் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தண்ணிய நிறுத்து."

"வேலை கெடக்கும்மா."

"நிறுத்துடி."

நிறுத்தினாள். திரும்பவில்லை.

"இத எப்படிக் குடிக்கணும்?"

மகள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. அம்மா எதையும் எப்படி என்று கேட்டு அவள் பார்த்ததில்லை. திரும்பினாள். கேலி செய்கிறாளா என்று முகத்தைத் தேடினாள். மூக்கு நுனி சிவந்து, மேலுதட்டில் நுரையோடு, வெறுங்காலில் நின்றவளைப் பார்த்தால் கேலி செய்ய வந்தவள் மாதிரி இல்லை.

"உறிஞ்சாத" என்றாள். "எல்லாரையும் போல வாயில வை. கொஞ்சம் நிக்கட்டும். அப்புறம் முழுங்கு. கசப்பு தொண்டைகிட்டதான் வரும். முழுங்கலேன்னா பாதி தெரியாது."

"முழுங்கணுமா?"

"முழுங்கித்தான் ஆகணும்."

நாக்குக்காரம்மா கோப்பையைப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் வாய் காபி இந்த உதட்டைத் தாண்டி உள்ளே வந்து, இதே உதட்டைத் தாண்டி வெளியே போயிருக்கும். தொண்டைக்கு அதெல்லாம் தெரியாது. அது வெந்நீர் குடித்த தொண்டை. ஒரு வாய் எடுத்தாள். இந்த முறை சத்தமில்லை.

முதலில் வந்தது குளிர்ச்சி. காபி என்றால் அவளுக்குச் சூடுதான், குளிர்ந்த காபி என்பது மறந்து வைத்துவிட்ட காபி. இது மறந்து வைத்தது அல்ல. நுரை கரைந்தது, அதன் பின்னால் கனமாக, பட்டு மாதிரி ஒன்று நாக்கின்மேல் படர்ந்தது. க்ரீம். அதற்குள்ளிருந்து மெல்ல எழுந்தது வறுத்த பிஸ்கெட்டின் ஓரம். காபி எங்கே என்று தேடினாள். வழக்கமாக அது வந்து நிற்கும் இடத்தில் இல்லை. மூக்கில் இருக்கிறது, நாக்கில் இல்லை. சொன்னபடி கொஞ்சம் நிற்கவிட்டாள். பிறகு கண்ணை இறுக்கிக்கொண்டு, மாத்திரை விழுங்குகிறவள் போல, விழுங்கினாள்.

அது கீழே இறங்கும்போதுதான் காபி வந்தது. வந்த இடம் தொண்டை. அங்கிருந்து திரும்பி, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைகிற சொந்தக்காரர் போல, அண்ணத்துக்கு ஏறி, மூக்குக்கு ஏறி, காதுக்குப் பின்னால்கூடப் போனது போல இருந்தது. அவளுடைய வறுவல்தான். தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் அது இப்படிச் சிரிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கரியும் இல்லை, காரலும் இல்லை. கசப்பு வந்தது, உட்கார்ந்தது, ஒரு ஓரமாக நகர்ந்து மற்றவற்றுக்கு இடம் விட்டது. கையில் ரோமம் எழுந்து நிற்பதைப் பார்த்தாள். காபியைப் பார்த்து அவளுக்கு அப்படி ஆனதே கிடையாது.

"எவ்வளவு க்ரீம் போட்ட?" என்றாள்.

"க்ரீமே இல்ல. ஓட்ஸும் பால் சர்க்கரையும். அதுலதான் அந்தக் கனம் வரும்."

"பிஸ்கெட்டு?"

"அதுவும் இல்ல. பார்லிய முளைகட்டி வறுக்கறது. கோகோ மட்டும் கொஞ்சம். காபி உன்னோடது."

"இடிச்சா போட்ட?"

"இடிச்சா கரகரன்னு ஆயிடும். முழுக்கொட்டையா துணியில கட்டி, குளிர்ந்த தொட்டிக்குள்ள ஒரு நாள் தொங்கவிட்டேன்."

வெந்நீர் படவே இல்லை. இதை நாக்குக்காரம்மா இரண்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஊற்றி அந்தக் கொட்டையிடம் வாழ்நாள் முழுக்க அவள் கேள்வி கேட்டிருக்கிறாள். இந்தப் பெண் கேள்வியே கேட்காமல் குளிரில் தொங்கவிட்டிருக்கிறாள். அது தானாகவே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. இல்லாத க்ரீம் இருக்கிறது. இல்லாத பிஸ்கெட் இருக்கிறது.

இன்னொரு வாய் எடுத்தாள். விழுங்கினாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். எல்லாம் வந்த வழியே வந்தன, போயின. போன பிறகு, வேறொன்று வந்தது. இனிப்பும் கசப்பும் பிரிக்க முடியாமல் குழைந்து, ஈரமாக, கொஞ்சம் உப்புக் கரித்து, களிமண் போல மென்மையாக. அவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அவளுக்குப் புதுசு.

"கடைசியில ஒண்ணு வருதே, அது என்னது? உங்கப்பா பண்றதுல அது கிடையாதே."

மகள் குழாயைக் கீழே வைத்தாள்.

"இருக்கும்மா. அது அடிக் கரண்டி."

"என்ன கரண்டி?"

"கிண்ணத்து அடியில பிஸ்கெட்டு, காபி, க்ரீம் எல்லாம் ஊறிக் கூழா கெடக்கும்ல? கடைசிக் கரண்டி. அப்பா எனக்குன்னு விட்டுவைப்பாரு. நீ மேலாப்புல ஒரு வாய் எடுத்துட்டு எந்திரிச்சிடுவ. உனக்கு எப்படித் தெரியும்?"

குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனாலும் நாக்குக்காரம்மா தொட்டியின் ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தன் எதிரில், அதே மேசையில், அதே கிண்ணத்தில் இது இருந்திருக்கிறது. இரண்டு கை தூரம். அவள் பார்க்காத ஒரு ருசி அந்த வீட்டில் இருந்ததாக யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். இந்தப் பெண் அதை நாக்கிலேயே வைத்துக்கொண்டு, இத்தனை காலம் கழித்து, பார்லியையும் பீருக்குப் போடும் கசப்புப் பூவையும் வைத்து அதைத் திரும்பக் கட்டியிருக்கிறாள்.

தொட்டிக்குள் ஏதோ களக்களக் என்று சத்தம் போட்டது. மகள் காத்திருந்தாள். அவளுக்கு அந்த மேசைப் பழக்கம் போகவில்லை. அம்மா வாயில் வைத்தால் இரண்டு மூன்று சொல் வரும். அந்தச் சொற்களுக்காகத்தான் அவள் இந்தத் தொட்டியைக் காய்ச்சினாள், வேறு யாருக்காகவும் இல்லை.

வரவில்லை. ஏணிப்படியில் உட்கார்ந்த அம்மா, வாயை மூடிக்கொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா. தள்ளுன்னா தள்ளுன்னு சொல்லு."

நாக்குக்காரம்மா கையை உயர்த்தினாள், பேசாதே என்பது போல.

"இரு" என்றாள். "இன்னும் முடியல."

மேசையில் நின்ற யாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். நல்ல காபி துப்பியபிறகும் அதன் ருசி வாயில் நிற்கும். சிலது உடனே போய்விடும், சிலது அடுத்த கிண்ணம் வரை கூட வரும். நிற்பது முடிகிற வரைக்கும் பேசக் கூடாது. மகள் அந்த மேசையில் நின்ற காலம் முழுக்க அம்மா ஒருதடவைகூட ஒரு கிண்ணத்துக்காகக் காத்து நின்றதில்லை. மகள் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வியர்வை போல. பிறகு அம்மாவுக்கு ஒரு படி கீழே, ஈரத்திலேயே உட்கார்ந்தாள். கணவர் தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கிளம்பும்போதும் அவள் எதுவும் சொல்லவில்லை. தாடிக்காரர் வாசல் வரைக்கும் வந்து முகத்தைப் பார்த்தார், அவள் வாயைத் திறந்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பது போலத் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆட்டல் போதும் என்று அவருக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கணவர் இந்த டிரைவரையும் விட்டுவைக்கவில்லை, கிளட்சை மிதித்துக்கொண்டே ஓட்டுகிறானாம். வழியில் அவர் நீட்டிய தண்ணீர்ப் பாட்டிலை அவள் தள்ளிவிட்டாள். பாலம் தாண்டியது, சந்தைத் தெரு தாண்டியது. வீட்டுக்கு நாலு நிறுத்தம் இருக்கும்போது கணவரின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"இப்பதான் முடிஞ்சுது" என்றாள்.

அந்தப் பக்கம் தண்ணீர் சத்தம் நின்றது.

"பொய் சொல்லாதம்மா. அவ்வளவு நேரமெல்லாம் நிக்காது."

"நின்னுது. நான் சொல்றேன்ல. கசப்பு முதல்ல எறங்கிடுச்சு. பிஸ்கெட்டு பாலம் வரைக்கும் வந்துச்சு. அந்த அடிக் கரண்டிதான் போகவே மாட்டேன்னுது."

"பஸ்ஸுல இருந்துக்கிட்டு கத்தாத. எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். உனக்கு அந்த வறுவல் பத்தாது. இன்னும் ஒரு பொட்டு முன்னாடியே எறக்கணும், அப்பத்தான் கோகோவோட இடிக்காது. உனக்குன்னு தனியா வறுக்கச் சொல்றேன். உங்கப்பா திருட்டுத்தனமா தூக்கிட்டு வரவேணாம்."

கணவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் கவனமாகப் பார்த்தார்.

மகள் தண்ணீர்க் குழாயைக் கீழே போடும் சத்தம் கேட்டது. பிறகு, "ஞாயித்துக்கிழமை அப்பா க்ரீம் அடிப்பாரா?" என்றாள்.

"ஆள் வந்தா அடிப்பாரு."

"வர்றேன். ஆனா அடிக் கரண்டி எனக்குத்தான்."

"வந்து சண்டை போட்டு வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு நாக்குக்காரம்மா போனை வைத்தாள்.

பஸ் குலுங்கியது. அவள் நாக்கை மெல்ல அண்ணத்தில் ஒட்டி, பின்னாலிருந்து முன்னால் வரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். மகள் சொன்னது சரிதான், தான் சொன்னது பொய். முடிந்துவிட்டது என்று சொன்னதுதான் பொய், அடிக் கரண்டி இன்னும் அங்கேயே நின்றது.